பதினேழாவது கேள்வி

1998 ஜூலையில் நித்யா கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கியபோது அவளுடைய மகன் அலெக்சாண்டருக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. நர்சிங் மேற்படிப்பில் அவளுக்கு அது இரண்டாம் ஆண்டு. ஆய்வுத் தலைப்பு, நகர்ப்புறத் தாய்மாரிடையே குழந்தைகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் பழக்கம். நூறு தாய்மார்களைப் பார்க்க வேண்டும். நெய்வேலி நகரியத்துப் பிளாக்குகளில் அறுபது பேர், பக்கத்து ஊரான வடக்குத்தில் நாற்பது பேர் என்று ஆய்வு வழிகாட்டி லூசியம்மாள் மேடம் பிரித்துக் கொடுத்திருந்தார்.

தலைப்பும் மேடம் கொடுத்ததுதான். நித்யா அப்போது கர்ப்பமாக இருந்தாள். சுலபமான தலைப்பு என்று நினைத்து வாங்கிக்கொண்டாள். குழந்தை பிறந்து எழுபதாம் நாள் கல்லூரிக்குத் திரும்பாவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்ற நிலை வந்தபோது அவள் வீட்டுக்கும் ஒரு பால்பவுடர் டின் வந்தது. காலை ஆறரைக்கும் மாலை ஆறு மணிக்கு மேலும் தாய்ப்பால், நடுவில் புட்டி என்று ஆயிற்று.

அவளும் கணவன் சைமன்ராஜும் பத்தொன்பதாம் பிளாக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். சைமன்ராஜ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவன் தங்கை கிறிஸ்டினா சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்தாள். டிகிரி முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். இங்கேயும் ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள்.

கிறிஸ்டினாவுக்கு நித்யா எல்லாவற்றையும் செய்து காட்டியிருந்தாள். செய்யவேண்டியதை வரிசையாக ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியும் வைத்திருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"பாட்டிலைக் கொதிக்க வச்சியா?"

"பத்து நிமிஷம் அண்ணி."

அவளுடைய கேள்வித்தாளில் இருபத்தெட்டுக் கேள்விகள். பதினேழாவது கேள்வி, பால்புட்டியையும் அதன் ரப்பர் காம்பையும் எத்தனை நிமிடம் கொதிக்க வைக்கிறீர்கள் என்பது. முதல் வீட்டில் பத்து நிமிடம் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே. பதினைந்தாவது வீட்டுக்கு வந்தபோது, அவர்கள் சொல்வதற்கு முன்பே அவள் கை ஒன்றும் பூஜ்யமும் எழுதப் பழகிவிட்டிருந்தது. இருபத்தோராம் பிளாக்கில் ஒரு பெண் கதவைத் திறந்தவுடன், "பத்துதானே மேடம்? முன்வீட்டு அக்கா சொன்னாங்க," என்றாள்.

மூன்று வாரத்தில் நாற்பது பேரை முடித்தாள். முப்பத்தெட்டுப் பேர் பத்து நிமிடம் கொதிக்க வைத்தார்கள். ஒருத்தி பதினைந்து. இன்னொருத்தி தங்கள் வீட்டில் புட்டியே கிடையாது என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் ஒரு புட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

லூசியம்மாள் மேடம் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே வந்திருக்கு. விழிப்புணர்வு அதிகம்னு எழுதிடலாம்," என்றார். நித்யா தாள்களை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்றாவது வீடு வடக்குத்தில். ஆகஸ்டு மாதம், மதியம் இரண்டரை மணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. வாசலில் நிழல் விழுந்த இடத்தில் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணி விரித்துக் குழந்தையைப் போட்டிருந்தாள். பெயர் ருக்குமணி, வயது இருபத்து மூன்று, நகரியத்தில் கான்ட்ராக்டில் தெருக்கூட்டும் வேலை என்று நித்யா எழுதிக்கொண்டாள். காலை ஆறு மணிக்குப் பிளாக்கில் நிற்க வேண்டும், ஒன்றரைக்கு விடுவார்கள். கணவன் தனகோட்டி சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். குழந்தை பெண், மணிமொழி, நான்கு மாதம். ருக்குமணி வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு மாரியம்மாள் பார்த்துக்கொள்வாள். மாரியம்மாளிடம் அவளுடைய இரண்டு பிள்ளைகளும், மணிமொழியோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையும் இருக்கும்.

கேள்விகள் வேகமாகப் போயின. பதினேழாவதற்கு ருக்குமணி, "பத்து நிமிஷங்க," என்றாள். நித்யா எழுதினாள்.

"சிஸ்டர், உங்களுக்குப் புள்ள இருக்குதுங்களா?"

"இருக்கு. பையன். ஆறு மாசம் ஆகப்போகுது."

"அவனுக்கு என்னா குடுக்கறீங்க?"

"தாய்ப்பால்தான்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று நித்யாவுக்கு உறைத்தது. ருக்குமணி அவளுடைய புடவையைப் பார்த்தாள். வலது மார்பின் மேல் முந்தானை ஈரமாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலைலேருந்து குடுக்கல போலருக்குதே. பாலு கட்டிக்கினு இருக்குது பாருங்க. வலிக்குமே."

நித்யா ஃபைலைத் தூக்கி மார்பை மறைத்துக்கொண்டாள். "பகல்ல பாட்டில்தான். என் நாத்தனார் குடுக்குறா," என்றாள்.

"நானும் அப்பிடித்தான் சொன்னேன் உங்ககிட்ட," என்றாள் ருக்குமணி. குரலில் கேலி இல்லை. "யாரோ எழுதிக்கினு போக வர்றாங்க. தப்பா சொன்னா ஒக்கார வச்சு நாலு பேச்சு பேசுவாங்க. சரியாச் சொன்னா போய்டுவாங்க. நான் காலைல நாலரைக்கு எழுந்தவங்க. செத்த நேரம் படுக்கலாம்னு இருந்தேன்."

நித்யா ஃபைலை மூடித் தரையில் வைத்தாள். "இனிமே எழுதல. நிஜமா எப்படிச் செய்றீங்கன்னு மட்டும் காட்டுறீங்களா?"

ருக்குமணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து மாரியம்மாள் வீட்டுக்குப் போய்ப் புட்டியை எடுத்துவந்தாள். அடியில் இரண்டு விரல் அளவு பால் மிச்சம் இருந்தது. உள்பக்கம் கழுத்துக்குக் கீழே மஞ்சளாகப் படிந்திருந்தது. ரப்பரின் துளையை ஊசியைக் காய்ச்சிப் பெரிதாக்கியிருந்தார்கள்.

"சின்ன ஓட்டைன்னா அரைமணி நேரம் சப்பிக்கினே இருக்குதுங்க. மாரியம்மா அக்காவுக்கு அவ்வளவு நேரம் ஏது? நாலு புள்ளைங்கள வச்சிருக்குது."

"பவுடர் எவ்வளவு போடுவீங்க?"

"டப்பால எட்டு ஸ்பூன்னு போட்டிருக்குதாம், எங்க வூட்டுக்காரரு படிச்சுச் சொன்னாரு. நாங்க நாலு போடறோம். வெள்ளையாத்தான் இருக்குது, குடிச்சுடுது."

"கொதிக்க வைக்கிறது?"

"ஸ்டவ்வு பத்த வைக்கறது காலைல ஒரு தரம். சோறு வடிச்ச சுடுகஞ்சியை ஊத்திக் குலுக்கிக் கொட்டிடுவேன். அப்புறம் மறுநா காலைலதான்." புட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள். "இதெல்லாம் தப்புன்னு தெரியும் சிஸ்டர். தெரியாம ஒண்ணும் இல்ல."

அதற்குள் நித்யாவின் கண் குழந்தைமேல் போயிருந்தது. இவ்வளவு நேரம் தூங்குகிறது என்று நினைத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. குனிந்து உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தாள். உள்வாங்கி இருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டாள். மடிப்பு அப்படியே நின்று, மெதுவாகத்தான் இறங்கியது.

"வயித்தால போகுதா?"

"மூணு நாளா. பல்லு மொளைக்கறதுக்குன்னு சொன்னாங்க."

"கடைசியா எப்ப மூத்திரம் போனா?"

ருக்குமணி புட்டியைக் கீழே வைத்தாள். "காலைல துணி நனைஞ்சிருந்துதான்னு மாரியம்மா அக்காவைத்தான் கேக்கணும். நேத்து சாயங்காலம் போச்சு. எனக்குத் தெரிஞ்சு அதான்."

"கிளம்புங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அவரு ரெண்டு மணி ஷிப்டுக்குப் போய்ட்டாரு. பத்து மணிக்குத்தான் வருவாரு."

"நான் இருக்கேன். வாங்க."

நித்யாவிடம் ஒரு மொபெட் இருந்தது. ருக்குமணி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழியில் ஒருமுறை, "சிஸ்டர், தூங்குது, தூங்கட்டும்ல?" என்று கேட்டாள். "தூங்க விடாதீங்க. பேசிக்கிட்டே வாங்க," என்றாள் நித்யா. அரசு ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் மணிமொழியின் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டர் குழந்தையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ட்ரிப்புக்குச் சொன்னார். கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலிலும் கிடைக்கவில்லை. கடைசியில் நெற்றிப்பொட்டில் ஊசி ஏற்றினார்கள். அதற்கு அங்கே சிறிதாக முடி மழிக்க வேண்டியிருந்தது. ருக்குமணி அதுவரை அழாமல் இருந்தவள், கீழே விழுந்த அந்த முடியைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டபோது அழுதாள். ஐந்தரை மணிக்குக் குழந்தை சத்தமாக அழுதது. அழுகையில் கண்ணீர் வந்தது. "இனி பயமில்லை. தாய்ப்பால் குடுக்கலாம், அடிக்கடி குடுக்கணும்," என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நித்யா கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. கிறிஸ்டினா வழக்கம்போலக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நித்யா அன்று எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில், "கிறிஸ்டி, இன்னிக்கு நான் வீட்டுல இல்லேன்னு நெனச்சுக்க. தினமும் செய்ற மாதிரியே செய். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றாள்.

கிறிஸ்டினாவுக்குப் புரியவில்லை. ஆனால் செய்தாள். ஏழு மணிக்குப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து இரண்டு புட்டிகளையும் போட்டுக் கொதிக்க வைத்தாள். கடிகாரம் பார்த்து, முழுதாகப் பத்து நிமிடம். பிறகு ஒரு குண்டானில் பவுடரைக் கரைத்தாள். அளவு சரியாக இருந்தது. கரைத்த பால் முழுவதையும் பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினாள். மாலை வரைக்கும் அதிலிருந்துதான். ஒவ்வொரு தடவையும் காலியான புட்டியைக் குழாயில் அலசிவிட்டு மறுபடி நிரப்பினாள்.

மதியம் மூன்று மணிக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய பாலை நித்யா கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிக்க ஆரம்பித்திருந்தது. போன மாதத்தில் அலெக்சாண்டருக்கு இரண்டு தடவை வயிற்றால் போனது. இரண்டு தடவையும் பல் முளைப்பதால் என்று அவளே சைமன்ராஜிடம் சொல்லியிருந்தாள்.

"கிறிஸ்டி, தினமும் கேக்குறேனே. பத்து நிமிஷம்னு சொல்லுவியே."

"கொதிக்க வச்சேன்ல அண்ணி. காலையில ஒரு தடவை. நீங்க கேட்டது அதைத்தானே." கிறிஸ்டினாவின் குரல் தணிந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் தண்ணி கொதிக்க வச்சு, ஆற வச்சு, கரைச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் அழுது அழுது மூச்சடைச்சுப் போயிடுறான். தூக்கி வச்சுக்கிட்டு அடுப்புக்கிட்ட நிக்க பயமா இருக்கு. எனக்கு நவம்பர்ல பரீட்சை. இங்க வந்து மூணு மாசத்துல நான் ரெண்டு புத்தகம்கூட முடிக்கல."

நித்யாவுக்குக் கோபம் வந்தது. அதைக் கொட்டுவதற்கு வாய் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். கொதிக்க வைத்தாயா என்று இந்தப் பெண்ணிடம் ஏறக்குறைய நூறு நாள் கேட்டிருக்கிறாள். உன்னால் முடிகிறதா என்று ஒருநாள் கேட்டதில்லை.

மாலையில் சைமன்ராஜ் வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பரண்மேல் வைப்பது. விடியற்காலையில் நித்யா தன் பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணங்களில் மூடி ஃபிரிட்ஜில் வைப்பது. அதை மூக்கு வைத்த சிறிய சங்கில் ஊற்றிக் கொடுப்பது. கழுவக் கஷ்டமான மூலை முடுக்கு அதில் இல்லை. போதாவிட்டால் மட்டும் பவுடர், அதையும் அந்தந்த வேளைக்குக் கரைப்பது.

"அப்ப நான்?" என்றான் சைமன்ராஜ்.

"செகண்ட் ஷிப்டும் நைட்டும் வர்ற வாரத்துல பகல்ல ரெண்டு வேளை அவனுக்குப் பால் ஊட்டுறது உங்க பொறுப்பு. அந்த நேரம் கிறிஸ்டி படிக்கட்டும்."

அவன் அதுவரை குழந்தைக்கு எதையும் ஊட்டியவன் இல்லை. முதல் நான்கு நாள் சங்கில் பாதிப் பால் அலெக்சாண்டரின் கழுத்தில்தான் இறங்கியது. சைமன்ராஜின் லுங்கி நனைந்தது. "கன்வேயர்ல சிந்துற லிக்னைட்டை விட இது அதிகம்," என்றான். ஐந்தாம் நாள் குழந்தை உதட்டைக் குவித்து உறிஞ்சக் கற்றுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மணிமொழியை அனுப்பிவிட்டார்கள். நித்யா அன்று போயிருந்தாள். ருக்குமணிக்குப் பால் வற்றிவிடவில்லை, இரவில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். பகலிலும் கொடுத்தால் பெருகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாட்டில் வேண்டாம் ருக்குமணி. பீய்ச்சி வச்சிட்டுப் போங்க. மாரியம்மா சங்குல குடுக்கட்டும்."

அழைத்துப் போக வந்திருந்த மாரியம்மாள் குறுக்கிட்டாள். "நாலு புள்ளைங்கள மேய்ச்சுக்கினு ஒண்ணுக்கு மட்டும் சங்குல ஊட்டிக்கினு ஒக்காந்திருக்க முடியுமாம்மா? மத்தது மூணும் ரோட்டுக்கு ஓடிடும்." அவள் சொன்னதில் தவறில்லை.

வழியைக் கண்டுபிடித்தது ருக்குமணிதான். அவள் தெருக்கூட்டிய பிளாக்கில் அவளையும் சேர்த்து மொத்தம் ஆறு பெண்கள். மூன்று பேருக்குக் கைக்குழந்தை. பிளாக்கின் ஓரத்தில் துடைப்பமும் தள்ளுவண்டியும் வைக்கும் ஷெட் ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு ஒருத்தி முறை வைத்து அங்கே பிள்ளைகளோடு இருப்பது, மற்ற ஐந்து பேரும் அவள் பங்குத் தெருவைச் சேர்த்துக் கூட்டுவது, எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவது என்று பேசி முடித்திருந்தாள். பிள்ளை இல்லாத மூன்று பேர் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று நித்யா பிறகு கேட்டாள். "அவங்க முறை வர்ற அன்னிக்கு ஒக்காந்துக்கினு இருக்கலாம்ல," என்றாள் ருக்குமணி.

செப்டம்பர் மத்தியில் ஒரு காலை, நித்யா அந்தப் பிளாக்கில் வீடுகளைப் பார்க்கப் போனவள் ஷெட்டை எட்டிப் பார்த்தாள். சாக்கு விரித்து மூன்று குழந்தைகள் கிடந்தன. அன்று ருக்குமணியின் முறை; மணிமொழிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் கொளஞ்சியப்பன் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஷெட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ருக்குமணி, இது என்ன பால்வாடியா?"

"இல்லைங்க சார்."

"பின்ன என்ன? ஆறு ஆளுக்கு ஆஜர் போடுறேன். தெருவுல அஞ்சு ஆளுதான் இருக்கு."

"தெரு சுத்தமா இருக்குதா, இல்லியான்னு பாருங்க சார். ஒரு குப்பை கெடந்தா என்னைக் கேளுங்க."

"இன்ஸ்பெக்ஷன் வந்தா நான் என்ன சொல்றது?"

"ஆறாவது ஆளு ஷெட்டுல இருக்குதுன்னு சொல்லுங்க. பொய்யில்லியே."

கொளஞ்சியப்பன் நித்யாவைப் பார்த்தார். "நீங்க யாரு மேடம்?"

"நர்ஸ். இந்தக் குழந்தைக்குப் போன மாசம் தலையில ஊசி ஏத்தி ட்ரிப் போட்டாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி, "மழை வந்தா இந்த ஷெட் ஒழுகும். அந்தக் கோடி மூலைதான் ஒழுகாது," என்றார்.

லூசியம்மாள் மேடத்திடம் நித்யா நாற்பது தாள்களையும் தள்ளிவிடப் போவதாகச் சொன்னாள். இனிப் பார்க்கிறவர்களிடம் கேள்வியோடு நிற்காமல், பால் கலக்குவதை நேரில் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள்.

"டிசம்பர்ல சப்மிட் பண்ணணும். தெரியும்ல?"

"தெரியும் மேடம். முடியாது. அடுத்த பேட்ச்சோட குடுக்குறேன்."

"ஒரு வருஷம் போயிடக்கூடாதுன்னுதானே கைக்குழந்தையை விட்டுட்டு வந்த? இப்ப ஆறு மாசத்தை நீயே விடுறியா?"

நித்யா தன் வீட்டு ஃபிளாஸ்க்கைப் பற்றிச் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறுபது போதும். நூறு வேண்டாம்," என்றார். "ஆனா மாதிரி அளவு குறைஞ்சதுக்கு விளக்கம் நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் நித்யா முதலில் தன்னைப் பற்றிச் சொன்னாள். நான் நர்ஸ், என் பையனுக்குப் பகலில் புட்டிதான் கொடுத்தேன், என் வீட்டில் நாள் முழுக்க ஃபிளாஸ்க்கில் பால் இருந்தது, எனக்கே தெரியவில்லை. சொல்லி முடித்ததும் பெரும்பாலான வீடுகளில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு சமையலறைக்குக் கூட்டிப் போவார்கள். புட்டிகள் வெளியே வந்தன. தண்ணீர்ப் பானைக்குள் மிதந்தவை, தொட்டில் கயிற்றில் கட்டித் தொங்கியவை, மூத்த குழந்தைக்கு வாங்கி இரண்டாவதற்கும் ஓடியவை. ஒரு குவார்ட்டர்ஸில் புத்தம்புதிதாக ஆறு புட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றைக் கழுவும் பிரஷ்ஷில் மட்டும் கருப்புப் பூசணம்.

அறுபது பேரில் ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்தவர்கள் நான்கு பேர். சரியான அளவு பவுடர் போட்டவர்கள் இருபத்தாறு பேர். பிரசவமான அன்றே பால் போதவில்லை என்று யாரோ சொல்ல, புட்டியைத் தொடங்கியவர்கள் முப்பத்தொரு பேர். இவை எல்லாவற்றையும் எழுதக் கட்டங்கள் இருந்தன. காட்டும்போது அழுதவர்களுக்குக் கட்டம் இல்லை. அவர்களைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தாள்.

ஷெட் ஏற்பாடு ஏழு மாதம் நடந்தது. மூன்று தாய்மாரில் ஒருத்தி குழந்தைக்குச் சளி பிடிக்கிறது என்று நடுவிலேயே நிறுத்திப் பழையபடி புட்டிக்குப் போய்விட்டாள். ஏப்ரலில் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு மாறியது. புதிய சூப்பர்வைசர் முதல் நாளே ஷெட்டைப் பூட்டினார். அதற்குள் மணிமொழி ஒரு வயதைத் தொட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தாள். ருக்குமணி அதைத்தான் சொன்னாள். "வேண்டிய வரைக்கும் நடந்துச்சுங்க. பூட்டிக்கட்டும்."

1999 ஜூனில் நித்யாவுக்கு வாய்மொழித் தேர்வு. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் பெண். ஆய்வேட்டை நிறைய இடங்களில் மடித்து வைத்திருந்தார்.

"முதல்ல எடுத்த நாற்பது பேரை ஏன் விட்டீங்க?"

"அவங்க சொன்னது உண்மையில்ல மேடம். நான் கேட்ட விதத்துக்கு அந்தப் பதில்தான் வரும்."

"பிறகு வந்தவங்ககிட்ட உங்க வீட்டு விஷயத்தைச் சொல்லிட்டுக் கேட்டிருக்கீங்க. அது அவங்க பதிலைப் பாதிக்காதா?"

"பாதிக்கும். அதை நாலாவது அத்தியாயத்துல குறையா எழுதியிருக்கேன்."

"குறைன்னு தெரிஞ்சும் செஞ்சீங்க."

"ஆமா மேடம். சொல்லாமக் கேட்டா புட்டியைக் காட்டமாட்டாங்க."

தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். புள்ளியியலில் இரண்டு தவறுகளைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் தவறுதான். பிறகு போகலாம் என்றார்.

முடிவு மாலையில் தெரிந்தது. தேர்ச்சி, நடுத்தர மதிப்பெண். கல்லூரியிலிருந்து பஸ் நெய்வேலி வந்து சேர்ந்தபோது ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் சைமன்ராஜ் தரையில் உட்கார்ந்து அலெக்சாண்டருக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தான். நவம்பரில் எழுதிய தேர்வில் தேறாத கிறிஸ்டினா, உள்ளறையில் அடுத்த தேர்வுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"பாஸ்."

"ஆறு மாசம் லேட்டாக்குனதுக்கு மார்க் கூடப் போட்டாங்களா?"

"இல்ல. புள்ளியியல்ல குறைச்சிருக்காங்க."

சைமன்ராஜ் தலையாட்டினான். குழந்தை கிண்ணத்தில் கையைவிட்டு ஒரு பிடி சாதத்தை எடுத்துத் தானே வாயில் வைத்துக்கொண்டான். பாதி கீழே விழுந்தது. நித்யா பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனாள்.